முன்னால் நாற்பத்தொன்று, பின்னால் முப்பத்தேழே கால்

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வாய்க்கும் இல்லை. உன் வலது தோள் வலி எப்படி இருக்கிறது? அண்ணி முழங்காலுக்கு வாங்கிய பட்டையைக் கட்டுகிறாரா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா? எழுது.

ஆஸ்பத்திரி வண்டி நேற்று வந்து சேர்ந்தது. மருந்து லாரிக்காரர்தான் கீழேயிருந்து ஓட்டி வந்து சாவியைக் கையில் கொடுத்தார். பின் ஆக்சில் உடைந்து ஒரு மாதம் அது உன் பட்டறையில் கிடந்தபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி மேலாளர் என்னை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துப் பஞ்சு உருண்டை எண்ணச் சொன்னார். "வண்டி இல்லாத டிரைவர் சும்மா இருக்கக் கூடாது பாரு" என்றார். இந்த மலை முழுக்க நோயாளிகளை ஏற்றி இறக்குகிறவளைப் பஞ்சு எண்ணவைத்த பாவம் அவரைச் சும்மா விடாது.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இன்ஜின் முன்பைவிடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறது. ஒன்று மட்டும் வேடிக்கையாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பாலம்வரை எப்போதும் மீட்டரில் பதினொரு கிலோமீட்டர் ஏறும். இப்போது பத்துதான் ஏறுகிறது. மலையை யாராவது சுருக்கிவிட்டார்களா?

அப்புறம், உன் வழக்கம் உன்னை விடவில்லை. போன தடவை சீட்டுக்கு அடியில் ஸ்பேனர். அதற்கு முன்னால் உன் மூக்குக்கண்ணாடி, அதுவும் பானெட்டுக்குள். இந்தத் தடவை நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்க, ஃபோர் வீல் போடுகிற சின்ன லீவரில் ஒரு முழம் கட்டுக்கம்பியைச் சுற்றி மறந்துவிட்டாய். பிளேயரால் வெட்டி எடுத்தேன். பக்கக் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு வைத்துக் கட்டிவிட்டேன். திருப்பிக் கேட்காதே.

கைப்பேசி இங்கே வெறும் கடிகாரம்தான். ஆஸ்பத்திரி போனோ மேலாளர் மேசையில் இருக்கிறது, பேசினால் வராந்தா முழுக்கக் காது கொடுக்கும். அதனால் சோம்பல்படாமல் எழுது. தபால் பை வாரம் ஒரு முறை வருகிறது.

உன்
வாலு


மே 23

அன்பு வாலுவுக்கு,

அண்ணன். இங்கே எல்லோரும் நலம், நீயும் அப்படியே இரு. தோள் பரவாயில்லை. அண்ணி பட்டையைக் கட்டுகிறாள், திட்டிக்கொண்டே கட்டுகிறாள்.

உன் கடிதம் வந்தது. வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை. மீட்டர் கேபிள் பழசு. அதைப் பற்றி யோசிக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். சின்ன லீவருக்கு வேலை வைக்காதே. காய்ந்த ரோட்டில் அது தேவையே இல்லை. மண் ரோட்டிலும் முடிந்தவரை தொடாதே. வண்டிக்கும் வயதாகிறது.

உங்கள் பக்கம் மழை எப்போது தொடங்கும்?

அண்ணன்


ஜூன் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், ஆனால் எழுத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. வழக்கமாக உன் பட்டறைக்கு எதிரே அதே தொழில் செய்கிற எதிர்க்கடைக்காரரைப் பற்றி அரைப் பக்கம் கிண்டல் இருக்கும். இந்தத் தடவை ஒரு வரி இல்லை. அந்த மனிதர் கடையைக் காலி செய்துவிட்டாரா என்ன?

நான் பதினைந்து வருடமாக ஃபோர் வீல் வண்டி ஓட்டுகிறேன். காய்ந்த ரோட்டில் சின்ன லீவரைத் தொடக் கூடாது என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். சரி, எடு. ஆனால் மண் ரோட்டிலும் தொடாதே என்றால் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள், சட்டை மாட்டவா? சின்ன லீவர் என்ன உனக்கு மாமியாரா, அப்படிப் பயப்படுகிறாய்?

மீட்டர் கேபிள் பழசு என்கிறாய். அது போன வருடம் நீயே மாற்றிய கேபிள். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தேன், புதுசாகவே இருக்கிறது. மறந்துவிட்டாயா?

இன்னொன்று. ஒரு வாஷரை விட்டுவிட்டுப் போனால்கூட "பத்திரமா அனுப்பு" என்று எழுதுகிற ஆள் நீ. நான் வெட்டி எடுத்த கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் அண்ணன் வள்ளலாகிவிட்டான் என்று அண்ணியிடம் சொல்.

மழை இன்னும் மூன்று நான்கு வாரத்தில் தொடங்கிவிடும். அதை ஏன் கேட்டாய்? இத்தனை வருடத்தில் நீ என்னிடம் மழையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வாலு


ஜூன் 20

அன்பு வாலுவுக்கு,

நலம். இடது தோள் வலி கூடிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு சின்ன சாமான் வரவேண்டியிருக்கிறது. வந்ததும் எழுதுகிறேன், வண்டியை ஒரு நாள் கீழே கொண்டுவா. அதுவரை நான் சொன்னது நினைவிருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

அண்ணி எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு வரி. தோளுக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் நின்று எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைக்காரரோடு இவருக்கு ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். "என்ன பாக்குறீங்க?"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, ரோடு எவ்ளோ அகலம்னு பாக்குறேன்"ங்கிறார். என்னிடம் சொல்ல மாட்டார். நீ கேட்டால் சொல்வார். கேள்.


ஜூலை 9

அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நெற்றியில் நான்கு தையல், இடது கை விரல் வீக்கம். உங்கள் நலத்தை அண்ணி எழுதட்டும்.

மூன்றாம் தேதி வண்டி சுவரில் மோதியது. எங்கள் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இங்கே யாரும் கேட்கத் தயாராக இல்லை, நீயாவது படி. முதல் மழையிலேயே மேல் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் சேறு. உன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து லீவரைத் தொடாமல்தான் கிளம்பினேன். முதல் ஏற்றத்திலேயே வண்டி பின்னால் வழுக்கியது, ஒரு பக்கம் பள்ளம். போட்டேன். போடாமல் என்ன செய்வது? சேற்றில் ஒரு குறையும் இல்லாமல் போனது. சேறு முடிந்து இறக்கத்தில் சிமென்ட் ரோடு தொடங்கியதும் லீவரைப் பின்னால் இழுத்தேன். வரவில்லை. உள்ளே யாரோ பிடித்து வைத்திருந்த மாதிரி இறுகிக் கிடந்தது. அடியில் டக் டக் என்று சத்தம். ஓர் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும் என்று நினைத்தேன். அதற்குள் இடது வளைவு வந்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி நேரே போய் வலது பக்கச் சுவரில் மோதியது.

பெரிய சிஸ்டர் வலியில் சொன்ன முதல் வார்த்தை, "நீ சுவரைப் பாத்துத்தான் ஓட்டினே. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." மேலாளர் சொன்னது, "பொம்பள டிரைவர் வேணாம்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்." என் லைசென்ஸ் அவர் மேசை டிராயரில் இருக்கிறது. ஆகஸ்ட் 21 விசாரணை. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் வேலை போகும், லைசென்ஸ் போகும். அப்புறம் நான் எங்கேயும் எந்த வண்டியையும் தொட முடியாது. ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும், பஞ்சு எண்ணுவதா?

பயந்து கையை விட்டுவிட்டேன் என்கிறார்கள். நான் பயப்படவில்லை. கையையும் விடவில்லை.

அண்ணா, அந்தப் பின் ஆக்சிலில் நீ என்ன போட்டாய்?

வாலு


ஜூலை 15

என் அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். உனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதே போதும். தையல் பிரித்துவிட்டார்களா? விரலை அசைக்க முடிகிறதா? நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. சிஸ்டரின் கால் சீக்கிரம் குணமாகட்டும்.

வண்டியை யாரும் தொடக் கூடாது. ஜாக்கி போடக்கூட விடாதே. நான் அடுத்த வாரம் சாமான்களோடு வருகிறேன். விசாரணைக்கு முன்னால் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிடுகிறேன். பின் ஆக்சிலையும் ஒரு முறை இறக்கிப் பார்த்துவிடுகிறேன். வண்டி நல்ல நிலையில் இருந்தால் உனக்குத்தான் நல்லது.

பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டதா? அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறதா? எடுத்து எங்காவது பத்திரமாக வை.

யாரிடமும் அதிகம் பேசாதே.

அண்ணன்


ஜூலை 24

மெக்கானிக் அவர்களுக்கு,

மேல் ஆஸ்பத்திரி ஓட்டுநர் எழுதுவது. நான் நலம். உங்கள் தோளை விசாரிக்கவில்லை, எந்தத் தோள் என்று தெரியவில்லை. மே மாதம் வலது தோள். ஜூன் மாதம் இடது தோள் வலியால் பேனா பிடிக்க முடியவில்லை. நீங்கள் எழுதுவது வலது கையால்.

உங்கள் பதில் வர எப்போதும் இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். இதை ஆறே நாளில் எழுதிவிட்டீர்கள். அக்கறை என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் மறுபடி படித்தேன். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன், அதற்கு மட்டும் பதில் இல்லை. பெரிய சிஸ்டரின் காலுக்கு ஒரு வரி, பக்கக் கண்ணாடிக்கு மூன்று வரி. மோதிய வண்டியை விசாரணைக்கு முன்னால் எதற்குச் சரிசெய்ய வேண்டும்? சுவரில் மோதியது முன்பக்கம். நீங்கள் இறக்கிப் பார்க்க நினைப்பது பின் ஆக்சில்.

ஜாக்கி போடாதே என்றீர்கள். அதனால் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் யாரும் இல்லை. கியர் நியூட்ரல், மற்ற சக்கரங்களுக்குக் கல். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, அதை இருபது சுற்றுச் சுற்றி, அடியில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணும் வேலையை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் நீங்கள்தான். டயரில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு, இரண்டும் சாக்பீஸால் போட்டேன். முன்னால், மோதாத பக்கச் சக்கரத்துக்கு இருபது சுற்றில் ஷாஃப்ட் நாற்பத்தொன்று. பின்னால் இருபது சுற்றில் முப்பத்தேழே கால். தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை வாய்விட்டு எண்ணினேன். பஞ்சு எண்ணிய பழக்கம் வீண்போகவில்லை.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றாக இல்லாத வண்டியில் ஃபோர் வீல் போட்டால், பின் சக்கரம் வேகமாகப் போகப் பார்க்கும், முன் சக்கரம் மெதுவாகப் போகப் பார்க்கும். சேற்றில் அது வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். சிமென்ட்டில் வழுக்க முடியாமல் ஒன்றையொன்று இழுத்து இறுகிவிடும். அதனால்தான் லீவர் வரவில்லை. பின்னாலிருந்து தள்ளியது யார் என்று இப்போது தெரிந்தது. பதினொரு கிலோமீட்டர் பத்தானதும் இதனால்தான், கேபிளால் இல்லை.

வர வேண்டாம். ஷெட் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். 21ஆம் தேதி வண்டியைப் பரிசோதிக்க வருகிறவர் உங்கள் எதிர்க்கடைக்காரர் என்று இன்று சொன்னார்கள்.

இந்த எண்ணிக்கையை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஓட்டுநர்


ஆகஸ்ட் 9

மெக்கானிக் அவர்களுக்கு,

நலம். இரண்டு தபால் பை வந்தது. இரண்டையும் மேசையில் கொட்டி நானே தேடினேன். உங்கள் கடிதம் இல்லை.

மருந்து லாரிக்காரர் நேற்று ஒரு செய்தி சொன்னார். "உங்கண்ணனும் எதிர்க்கடைக்காரரும் ஒண்ணா உக்காந்து பேசிட்டிருந்தாங்கம்மா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. உங்கண்ணன் உக்காந்திருந்த ஸ்டூல்கூட அவர் போட்டதுதான்" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஐந்து வருடமாக முகம் பார்க்காதவர்கள், பரிசோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உட்கார்ந்து என்ன பேசினீர்கள்? அவர் வந்து எத்தனை எண்ண வேண்டும் என்றா?

சிறு வயதில் எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்ததே நீங்கள். இப்போது யார் எண்ணுவதையும் நம்ப முடியாத இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஓட்டுநர்


ஆகஸ்ட் 14

வாலு,

எங்கள் நலம், உன் நலம் எதையும் எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் உன் நெற்றித் தையல் ஆறிவிட்டதா என்று தெரிய வேண்டும். இரண்டு தோளிலும் வலி இல்லை. ஜூனிலும் இல்லை.

நீ எண்ணியது சரி. கால் சுற்றுக்கூடப் பிசகவில்லை.

உடைந்த ஆக்சிலுக்குப் பதிலாக, கழித்துப்போட்ட ஒரு பழைய வண்டியிலிருந்து வேறொன்று எடுத்தேன். வெளியே பார்க்க இரண்டும் ஒரே அச்சு. உள்ளே பெரிய கிரவுன் வீலின் பல்லை எண்ணினேன். பழையதில் நாற்பத்தொன்று, இதிலும் நாற்பத்தொன்று. திருப்தியாக மூடிவிட்டேன். அதைச் சுழற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனை எண்ணவில்லை. பழைய பினியனில் பத்துப் பல். இதில் பதினொன்று. ஒரே ஒரு பல், வாலு.

வண்டியை மூடி, ஆஸ்பத்திரிப் படிவத்தில் "முன்னும் பின்னும் சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், எண்ணிக்கை இடித்தது. லாரிக்காரர் சாவிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் எதிர்க்கடைக்காரர் இதே தப்பைச் செய்தார். கிரவுனை எண்ணினார், பினியனை எண்ணவில்லை. அன்றைக்கு நான் நடுத்தெருவில் நின்று, "எண்ணத் தெரியாதவன்லாம் கடை போட்டுட்டான்"னு நாலு பேர் முன்னால் சிரித்தேன். உன்னிடமும் எழுதிச் சிரித்தேன், நினைவிருக்கும். அதே தப்பை நானும் செய்தேன் என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் தலைக்குள் ஓடியது. உன் ரோடு ஓடவில்லை.

அதனால்தான் சின்ன லீவரைக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். தொடக் கூடாது என்று புரிந்துகொள்வாய், மழைக்கு முன்னால் சரியான பினியனைத் தேடிப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். உன் வண்டியில் ஸ்பேனரும் கண்ணாடியும் மறந்துவிட்டு வருகிற ஆள் நான். நான் கட்டியதை நீ குப்பை என்று நினைப்பாய் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வெட்டி எடுத்தேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அது மறந்ததல்ல, ஆக்சில் தப்பு, லீவரைத் தொடாதே" என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். கிழித்தேன். நான்கு தாள் கிழித்தேன். கடைசியில் மீட்டர் கேபிள் பழசு என்று எழுதினேன்.

மோதியதற்குப் பிறகு, உண்மையைச் சொன்னால் கம்பியை வெட்டியது நீதான் என்று பழி உன் மேலும் விழும், அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுதிவிட்டு, பையில் சரியான பினியன் செட் எடுத்துவைத்தேன். இரண்டு மாதம் கிடைக்காத சாமான், நீ மோதியது தெரிந்த பிறகு நான்கு நாளில் கிடைத்தது. மாற்றிவிட்டு, பக்கக் கண்ணாடியில் இருக்கிற கம்பியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட நினைத்தேன். நீ சந்தேகப்பட்டது எல்லாமே சரி, ஒன்றைத் தவிர.

எதிர்க்கடைக்காரரிடம் நான் போனது ஆள் பிடிக்க இல்லை. எங்கள் தெரு பதினான்கு தப்படி. அதைத் தாண்ட எனக்கு உன் கடிதம் வந்த பிறகும் பத்து நாள் ஆனது. போய் நின்று சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். "பினியனை எண்ணலியா?" என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"நான் வந்து எண்ணத்தான் போறேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. நான் சொல்றதும் நீ சொல்றதும் ஒண்ணில்ல" என்றார்.

21ஆம் தேதி வருகிறேன். இந்தத் தடவை பை இல்லாமல் வருகிறேன்.

அண்ணன் என்று போட்டுக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. வேறு பெயர் எனக்கு உன்னிடம் இல்லை.


ஆகஸ்ட் 30

அண்ணனுக்கு,

"அன்புள்ள" எழுத இன்னும் கை வரவில்லை. "நீங்கள்" என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நெற்றி ஆறிவிட்டது. நானும் நலம் என்றே சொல்ல வேண்டும்.

விசாரணை அன்று நாம் இரண்டு பேரும் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஆனால் நீ பேசியதை எல்லாம் கேட்டேன். "டிரைவர் மேல தப்பில்ல. பல்லை எண்ணாதது நான். எண்ணினதுக்கு அப்புறம் சொல்லாததும் நான்" என்று எழுந்து நின்று சொன்னபோது, எனக்கு எழுந்து உன் பக்கத்தில் வந்து நிற்கத் தோன்றியது. கோபமும் அதோடு சேர்ந்துதான் வந்தது.

எதிர்க்கடைக்காரர் எல்லோரையும் ஷெட்டுக்கு அழைத்துப்போய்ச் சக்கரத்தைச் சுற்றியதும், மேலாளர் தன்னையறியாமல் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாரே, பார்த்தாயா? பின் சக்கரத்துக்கு முப்பத்தேழில் நின்றதும் அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெரிய சிஸ்டர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் வார்டுக்குப் போனேன். "நீ திருப்பத்தான் பாத்திருக்கே. எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு" என்றார். அவருடைய அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டிகள் இனி உன் பட்டறைக்கு வராது என்று எழுத்தில் வந்திருக்கும். அதற்காக நான் பரிதாபப்பட மாட்டேன். நான்கு தாள் கிழித்தாய். அதில் ஒரு தாளை அனுப்பியிருந்தால் பெரிய சிஸ்டர் இன்று வார்டில் என்னை விரட்டிக்கொண்டு நடந்திருப்பார். கம்பியை வெட்டிய கை என்னுடையது, அதையும் நான் மறக்கவில்லை. கேட்டிருக்கலாம். உன்னைக் கிண்டல் செய்கிற அவசரத்தில் கேட்காமல் விட்டேன்.

விசாரணை முடிந்து இரண்டு நாள் இங்கேயே தங்கி, எதிர்க்கடைக்காரரும் நீயும் வண்டியை எழுப்பி நிறுத்தினீர்கள். அவர் தன் பையிலிருந்து பினியனைக் கையில் எடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ண, நீ பக்கத்தில் நின்று கூடவே எண்ணியதை ஷெட் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு நானும் எண்ணினேன். கோபித்துக்கொள்ளாதே, இனி எண்ணாமல் நான் எதையும் ஓட்ட மாட்டேன். முன்னாலும் நாற்பத்தொன்று, பின்னாலும் நாற்பத்தொன்று. நேற்று பாலம்வரை போய் வந்தேன், மீட்டர் பதினொன்று காட்டியது.

இன்று வண்டியைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில் ஒரு பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது, அழுக்குத் துணியில் சுற்றி. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது நீ மறந்ததா, வைத்ததா? மறந்தது என்றால் மறந்தது என்று எழுது. வைத்தது என்றால் எதற்கு என்று எழுது. அடுத்த தபால் பையிலேயே எழுது. பதில் வரும்வரை நான் அதைத் தொட மாட்டேன், கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

எந்தத் தோளாக இருந்தாலும் பார்த்துக்கொள். அண்ணியை விசாரித்தேன் என்று சொல்.

வாலு